பாடும் பள்ளியும்

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. அதன்படி மீனவர் நல்ல நீர்ப்பகுதிகளில் முறைவைத்து வலையிடுவர். வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கோ அப்பாட்டில் இடமில்லை.

அவர்தம் சிறுவன் ஒருவன் வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பின், அவனை மந்தன் என்பது தவறு. உடையில் சேற்று நாற்றம் என்று எவனோ நகைத்த நாளிலேயே அவன் நா அடங்கியிருக்கலாம். மாணவரை மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது, நன்றே. ஆயினும் சட்டம் அவனருகில் வந்து அமராது. அமர வேண்டியவர் உடன் பயில்வோரே.

ஆசிரியரும், முந்திக் கை தூக்குவோரையே வினவாது, பாடு வைப்பதுபோல் முறைவைத்து எல்லோரையும் வினவலாம். இந்தப் பாட்டில் அவனுக்கும் இடமுண்டு. அவன் முறை வரும்போது, சேற்றில் இறால் எங்கே ஒளியும் என்று முதலில் கேட்கட்டும்.