நானோ ரோபோ வேண்டாம், மூடி போதும்

'நானோ ரோபோ ரத்தத்துல நீந்திப்போய் கேன்சரை அழிக்கும்' டைப் செய்தியை யாராவது ஃபார்வர்ட் பண்ணினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2016ல் மூலக்கூறு இயந்திரங்களுக்காக சோவாஜ், ஸ்டோடார்ட், ஃபெரிங்கா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபிறகு இந்த பில்டப் கொஞ்சம் ஓவராகவே போகிறது. அசல் சரக்கு இதைவிட சுவாரசியமானது மக்களே!

ரோடாக்ஸேன் என்று ஒரு வகை மூலக்கூறு. ஒரு குச்சி, அதில் கோர்த்த வளையம், வளையம் கழன்றுவிடாமல் இரண்டு முனையிலும் குண்டு. குச்சிக்கும் வளையத்துக்கும் வேதிப்பிணைப்பு கிடையாது, ஆனாலும் பிரிக்க முடியாது. இடுக்கி வைத்து யாரும் கோர்ப்பதில்லை. எலக்ட்ரான் குறைவான வளையம், குச்சியில் எலக்ட்ரான் நிறைந்த இடத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்த வளையம் குச்சியில் இங்கும் அங்கும் ஓடுவதை 1991லேயே ஸ்டோடார்ட் குழு காட்டிவிட்டது.

சரி, ஓடி என்ன பிரயோஜனம்? கரைசலுக்குள் கோடானுகோடி மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசையில் நின்று ஓடினால் மொத்த வேலை பூஜ்யம்தான்.

இதை வைத்தே ஸ்டோடார்டும் ஜேம்ஸ் ஹீத்தும் 2007ல் 1,60,000 பிட் மெமரி செய்தார்கள். பொட்டி தட்டுற நமக்கு வாயூறும் விஷயம். ஆனால் நிறைய பிட்டுகள் வேலை செய்யவில்லை. செய்தவையும் சில தடவை மாற்றியதுமே படுத்துவிட்டன.

என் ஓட்டு, 2005ல் ஜெஃப்ரி ஸிங்க்கும் ஸ்டோடார்டும் செய்த வால்வுக்குத்தான். சிலிக்கா நானோ துகள், அதில் சுமார் 2 நானோமீட்டர் அகலத் துளைகள். துளை வாசலில் ரோடாக்ஸேனின் ஒரு முனையை நட்டு, உள்ளே சாயம் நிரப்பினார்கள். வளையம் துகள் பக்கம் நகர்ந்தால் வாசல் மூடும், விலகினால் திறக்கும். திறக்க எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? அஸ்கார்பிக் அமிலம், அதாங்க வைட்டமின் சி!

பரப்பில் நட்டதும் அந்த ஓட்டத்துக்கு 'உள்ளே, வெளியே' என்று ஒரு அர்த்தம் வந்துவிட்டது பாருங்கள், அதுதான் மேட்டர். நீந்தவில்லை, யாரையும் துரத்தவில்லை. சும்மா ஒரு மூடி.

அதுவும் சாயம் வெளியே வந்தது குடுவைக்குள், உடம்புக்குள் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ஜல்லியடிப்பது வெறும் மிகைப்படுத்தல் இல்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அது பொய் நம்பிக்கை. ரோபோ என்று ஏமாற்றுவதைவிட மூடி என்று சொல்லிப் புரியவைக்கலாம். மருந்து போகவேண்டிய இடம் வரைக்கும் சிந்தாமல் போக முதலில் வேண்டியது நல்ல மூடிதானே?

மூடின்னா அவ்வளவு இளக்காரமா என்ன? :-)