விதவையின் வாசலில் நிற்பவர்கள்

ஸ்டீபன் கிங் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்போர் தீவிர இலக்கிய வட்டாரங்களில் இன்றும் உளர். பேய், பிசாசு, இரத்தம், விற்பனைப் பட்டியல் என்ற நான்கு சொற்களுக்குள் அந்த மனிதரை அடக்கிவிட்டு நகர்வது அவர்களுக்குச் சுலபமாக இருக்கின்றது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நூல் அறக்கட்டளை, அமெரிக்க எழுத்துக்கு ஆற்றிய சிறப்பான பங்களிப்புக்கான தனது பதக்கத்தைக் கிங்குக்கு வழங்க முன்வந்தபோது, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹரோல்ட் புளூம் கொதித்தெழுந்தார். பண்பாட்டு வாழ்வின் தரவீழ்ச்சியில் இது இன்னுமொரு படி என்பது அவரது கண்டனத்தின் சாரம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்டோபரில், கிங்கின் 'லீசிஸ் ஸ்டோரி' வெளிவந்தது. 'லீசியின் கதை' என்று தமிழில் சொல்லலாம். திகில் எழுத்துக்கென வழங்கப்படும் பிராம் ஸ்டோக்கர் விருது அதற்குக் கிடைத்தது. விருது கிடைத்ததே வினையும் ஆயிற்று. திகில் அடுக்கில் வைக்கப்பட்ட அந்நூலைத் திருமணம் பற்றிய நாவலாக, துயரம் பற்றிய நாவலாக எடுத்து வாசிக்க வேண்டியவர்கள் அந்த அடுக்கின் பக்கமே போகவில்லை. இது வெறும் ரசனைக் குறைபாடு அன்று என்பதே எனது வாதம். எந்தப் பார்வையின்மையை அந்த நாவல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றதோ, அதே பார்வையின்மைதான் அந்த நாவலையும் ஒதுக்கிவைத்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புலிட்சர் பரிசும் தேசிய நூல் விருதும் பெற்ற ஸ்கொட் லாண்டன் என்ற நாவலாசிரியன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனது மனைவி லீசி, மெய்ன் மாநிலத்தின் கிராமப்புறக் குடும்பமொன்றில் பிறந்தவள். ஸ்கொட்டைச் சந்தித்தபோது உணவகமொன்றில் பரிமாறுபவளாக வேலை செய்தவள். பட்டங்கள் எதுவும் இல்லாதவள். களஞ்சியக் கட்டடத்தின் மேல்மாடியில் கணவன் விட்டுச்சென்ற எழுத்தறையை ஒழுங்குபடுத்த அவள் முனைகின்ற இடத்தில் நாவல் தொடங்குகின்றது. அந்த அறையிலுள்ள கடதாசிகளுக்காகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காத்துக்கிடக்கிறார்கள். வெளிவராத நாவல் ஒன்று இருக்குமோ, ஒரு சிறுகதையாவது இருக்குமோ என்பதே அவர்களது ஓயாத விசாரிப்பு.

அவர்களுள் ஒருவர் வுட்பொடி என்ற பேராசிரியர். நயமாகக் கேட்டுப் பலிக்காதபோது அவர் மதுச்சாலையொன்றில் பழக்கமான ஒருவனிடம் தன் மனக்குறையைக் கொட்டுகிறார். டூலி என்ற அந்த மனிதன் ஸ்கொட் லாண்டனின் வெறித்தனமான வாசகன். தொலைபேசி மிரட்டலில் தொடங்கிய அவனது 'உதவி', டின் வெட்டும் கருவியால் லீசியின் உடலைக் கிழிப்பதில் போய் முடிகின்றது. பேராசிரியர் கைகளைப் பிசைகிறார். தாம் அப்படி நினைக்கவேயில்லை என்கிறார். ஏவியவராலேயே திருப்பியழைக்க முடியாத அம்பாகி விடுகிறான் டூலி.

இந்த இடத்தில்தான் கிங்கின் குற்றச்சாட்டு இருக்கின்றது. பேராசிரியருக்கும் பைத்தியக்காரனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நாகரிகத்தில்தான். உரிமை கோருவதில் அல்ல. இறந்தவனின் எழுத்து தமக்குச் சொந்தம், அதற்குக் குறுக்கே நிற்பவள் ஒரு தடை என்பதில் இருவரும் உடன்படுகிறார்கள். ஒருவர் கடிதம் எழுதுகிறார், மற்றவன் கருவியை எடுக்கிறான். துக்கம் கேட்க வந்தவர்கள் அலுமாரித் திறப்பை விசாரிப்பது போன்ற இந்த அநாகரிகத்துக்கு ஆய்வு என்று பெயர் சூட்டிவிட்டால் அது புனிதமாகிவிடுமா?

கையெழுத்துப் பிரதிகள் இலக்கியத்தின் சொத்து அல்லவா, ஒரு விதவையின் மனநிலைக்காக அவற்றை இழக்கலாமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடையாக மெய்யான விதவை ஒருவரையே சுட்டலாம். விளாடிமிர் நபக்கோவ் 1977இல் இறந்தபோது, முடிவுறாதிருந்த தன் கடைசி நாவலின் குறிப்பட்டைகளை எரித்துவிடுமாறு சொல்லிச் சென்றார். அவரது மனைவி வேரா, முன்பொருமுறை 'லொலிட்டா'வின் பிரதியைத் தீயிலிருந்து மீட்டவர். இம்முறை அவர் எரிக்கவும் இல்லை, வெளியிடவும் இல்லை. 1991இல் இறக்கும்வரை அந்த முடிவின் பாரத்தைத் தாமே சுமந்தார். 2009இல்தான் அவரது மகன் அதனை அச்சுக்குக் கொடுத்தார். எது இலக்கியம், எது குடும்பத்தின் அந்தரங்கம் என்று தீர்மானிக்கும் தகுதி, அந்த எழுத்தோடு வாழ்நாள் முழுவதும் குடித்தனம் செய்தவருக்கு இல்லையென்றால் வேறு எவருக்கு உண்டு? ஆவணக் காப்பகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காப்பகத்தின் கதவு திறப்பதற்கு முன் ஒரு மனிதரின் சம்மதம் இருக்கின்றது என்பதை நினைவூட்டுகிறேன், அவ்வளவே.

பேராசிரியர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. நாவலில் பத்திரிகைக்கும் ஓர் இடம் உண்டு. 1988இல் நாஷ்வில் நகரில், நூலகமொன்றுக்கு அடிக்கல் நாட்டும் வைபவத்தில், மனநலம் குன்றிய இளைஞன் ஒருவன் ஸ்கொட்டைச் சுடுகிறான். இரண்டாவது வேட்டுத் தீர்வதற்குள், வைபவத்துக்கென வைத்திருந்த வெள்ளி மண்வெட்டியால் அவனை அடித்து வீழ்த்துபவள் லீசி. ஆனால் ஏட்டில் வெளிவரும் படத்தில், அருகே திகைத்து நின்ற மாணவன் ஒருவனின் கையைப் பாதுகாப்பு அதிகாரி குலுக்குகிறார். எழுத்தாளரின் உயிரைக் காத்தவன் அவனே என்கின்றது படக்குறிப்பு. அந்தப் படத்தில் லீசியைக் காண்பதே அரிது.

பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவர் எவரும் இந்தக் காட்சியை மிகைக் கற்பனை என்று தள்ளமாட்டார். படக்குறிப்பு எழுதுபவன் கண்ணால் கண்டதை எழுதுவதில்லை, யார் வீரனாக இருக்கக்கூடும் என்று ஏற்கெனவே நம்பியிருப்பதை எழுதுகிறான். இதற்கு நாவலுக்கு வெளியே ஒரு சான்று 2019இல் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலுள்ள வம்சவரலாற்று நிறுவனமொன்றுக்குக் கிங் தம்பதியர் 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வழங்கினர். 'ஸ்டீபன் கிங்கும் அவரது மனைவியும்' என்று தலைப்பிட்டன ஏடுகள். அந்த நன்கொடையின் மூல யோசனையே மனைவியுடையது என்றும், அவளுக்குத் தபித்தா கிங் என்ற பெயர் இருக்கின்றது என்றும் கணவரே பகிரங்கமாகச் சாடினார். மனைவி என்பது ஓர் உறவுநிலை, அடையாளம் அன்று என்பது தபித்தாவின் கண்டனம். அவர் 1981 முதல் நாவல்கள் வெளியிட்டுவரும் எழுத்தாளர். 1974இல் வெளிவந்த 'கெரி' நாவலின் முதற் பக்கங்களைக் கிங் குப்பைக்கூடையில் எறிந்தபோது, பொறுக்கியெடுத்துத் தொடர்ந்து எழுதத் தூண்டியவரும் அவரே. 'லீசியின் கதை' வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மாணவனின் கையைக் குலுக்கிக்கொண்டுதான் இருந்தது பத்திரிகை உலகம்.

நாவல் பிறந்த விதமும் இதனோடு தொடர்புடையது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் கிங் கடுமையான நியூமோனியாவினால் வைத்தியசாலையில் கிடந்தார். அந்த நாட்களில் தபித்தா அவரது எழுத்தறையைத் திருத்தியமைக்கத் தொடங்கியிருந்தார். வீடு திரும்பியவர் கண்டது, தன் புத்தகங்களும் பொருட்களும் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த வெற்றறையை. தான் இறந்த பிறகு இந்த அறை இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் அவரை உலுக்கிற்று. பெரும்பாலான எழுத்தாளர்கள் அந்த இடத்தில் தம் மரணத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். கிங், அந்தப் பெட்டிகளை அடுக்க வேண்டியிருக்கும் பெண்ணைப் பற்றி எழுதினார். 1998இல் வெளிவந்த அவரது 'பாக் ஒஃப் போன்ஸ்' நாவலில் எழுத்தாளன் உயிரோடிருக்க மனைவி இறந்துபோகிறாள். அவன் அவிழ்க்கவேண்டிய புதிராக அவள் எஞ்சுகிறாள். எட்டு ஆண்டுகளின் பின் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

அவ்வாறாயின் பூதங்கள் எதற்கு, அவற்றை நீக்கிவிட்டால் இது 'நல்ல' நாவலாகிவிடாதா என்று கேட்பவர்களோடுதான் எனக்குப் பிரதானமான சண்டை. ஸ்கொட் பிறந்த குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெறி இருக்கின்றது. அதனை வெளியேற்றுவதாக எண்ணித் தந்தை தன் பிள்ளைகளின் உடலைக் கத்தியால் கீறுகிறான். மூத்தவன் பலியாகிறான், இளையவன் தந்தையையே கொல்ல நேர்கின்றது. அந்த இரத்தத்தைத் தொடரவிடக் கூடாது என்பதற்காகவே ஸ்கொட்டும் லீசியும் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. சிறுவயதில் ஸ்கொட் தப்பியோடிய இடம் 'பூயா மூன்' என்ற மறுவுலகம். அங்கே ஒரு குளம் உண்டு. எழுத்தாளர்கள் சொற்களை அள்ளுவது அந்தக் குளத்தில்தான். இரவில் அவ்வுலகில் முடிவற்ற நீளமுடைய ஒரு மிருகம் உலவுகின்றது. ஒருமுறை ஒருவனைப் பார்த்துவிட்டால் அது அவனை மறப்பதில்லை.

அந்தக் குளத்தைச் சுற்றியுள்ள கல்லாசனங்களில் மௌனமான உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. சிலர் பிணப்போர்வை போர்த்தவர்கள். நீரைப் பார்த்தபடி எழமுடியாமல் இருக்கிறார்கள். நினைவிழந்து சிலையாகிவிட்ட தன் தமக்கை அமாண்டாவை லீசி அங்கேதான் தேடிப் போகவேண்டியிருக்கின்றது. லீசிக்கும் அங்கேயே அமர்ந்துவிடத் தோன்றுகின்றது. அன்பானவரை இழந்த எவருக்கும் அந்தக் கல்லாசனம் எது என்று விளக்கத் தேவையில்லை. நிகழ்ந்ததை அப்படியே எழுதும் யதார்த்தவாதம், 'அவள் சோகத்தில் ஆழ்ந்தாள்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் நிலையை, திகிற்கதை ஓர் இடமாக்கிக் காட்டுகின்றது. அங்கு போகலாம், அங்கேயே தங்கியும் விடலாம், பெருமுயற்சியுடன் திரும்பியும் வரலாம். பூதங்களை நீக்கினால் நாவலின் உண்மையே நீங்கிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாவல் நீளமானது. கணவனும் மனைவியும் தமக்குள் பேசும் செல்லச்சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்து சில வாசகரைச் சலிப்பூட்டுகின்றன. அந்தச் சலிப்பு எனக்கும் நூறு பக்கம்வரை இருந்தது. பின்னர்தான் அச்சொற்களின் வேலை புரிந்தது. ஒவ்வொரு நீண்ட திருமணமும் இருவர் மட்டுமே பேசும் ஒரு மொழியை உண்டாக்குகின்றது. ஒருவர் இறந்ததும் அந்த மொழியைப் புரிந்துகொள்ள இன்னொருவர் இந்த உலகத்தில் இல்லை. லீசியின் துயரம் அதுவே. ஸ்கொட் அவளுக்காகத் தடயங்களை விட்டுச்சென்று, ஒரு புதையல் விளையாட்டைப் போல அவளை வழிநடத்தி, இறுதியில் அவளுக்கென்றே கையால் எழுதிய கதையிடம் கொண்டுவந்து சேர்க்கிறான். ஆய்வாளர்கள் தேடியலைந்த வெளிவராத எழுத்து இருக்கவே செய்தது. ஆனால் அதற்கு ஒரேயொரு வாசகிதான் உண்டு.

2021இல் இந்நாவல் எட்டுப் பகுதித் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஜூலியான் மூர் லீசியாக நடித்தார். எட்டுப் பகுதிகளுக்குமான திரைக்கதையையும் கிங்கே எழுதினார். தன் நூல்களுள் தனக்குப் பிடித்தமானது இதுவே என்று அவர் சொல்லிவந்திருக்கிறார். அந்தத் தெரிவை விமர்சகர்கள் ஏற்கவேண்டும் என்பதில்லை. வாசித்துவிட்டு மறுக்கட்டும். அடுக்கின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மறுப்பது விமர்சனம் ஆகாது.

அடுத்த முறை ஒரு பெரிய எழுத்தாளர் மறைந்ததும் 'வெளிவராத படைப்பு ஏதேனும் உண்டா?' என்ற கேள்வியோடு அந்த வீட்டு வாசலுக்குப் போகவிருக்கும் ஆய்வாளரும் நிருபரும், கதவைத் தட்டுவதற்கு முன் கதவைத் திறக்கப் போகிறவரின் பெயரையாவது அறிந்துகொண்டு போகட்டும்.