பள்ளமா, மேடா?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 இன் விக்ரம் நிலவில் இறங்கியபோது, புதுக்கோட்டை மாவட்டத்துச் சேரி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒரே கைபேசியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். கைதட்டினார்கள். நாங்களும்தான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், டிப்ளமோ படித்து மேலே வந்தவர் என்றதும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப நானும் போலாமாக்கா?"

'சேரிக்குத் தண்ணி வரல, ராக்கெட் எதுக்கு?' என்று பதிவு போடும் தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அறிவியல் அவர்களுக்கு, குடிதண்ணீர்க் குழாய் நமக்கு என்று நாமே ஏன் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும்? (இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயர் வைத்தது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

விக்ரம் எடுத்த படங்கள் வந்தன. கைபேசியைத் தரையில் வைத்துப் பார்த்தபோது சண்டை மூண்டது. இந்தப் பக்கம் இருந்தவன் பள்ளம் என்றான். எதிரே உட்கார்ந்திருந்தவள் மேடு என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே நம் கண் நினைத்துக்கொள்ளும். படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் பள்ளம் மேடாகிவிடும். அதனால்தான் விண்கலப் படத்தோடு எந்தக் கேமரா, எந்த நேரம், சூரியன் எந்தப் பக்கம் என்ற விவரமும் சேர்ந்தே வருகிறது. நிலவில் 25 செ.மீ. அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும் கேமரா சந்திரயான்-2 இல் இருக்கிறது. அந்தத் தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. நீங்களும் இறக்கிச் சரிபார்க்கலாம்.

இதை இங்கே எழுதக் காரணம் வேங்கைவயல்.

2022 டிசம்பர் 26. பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஆட்சியர் போனபோது இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், அய்யனார் கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தன. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை.

அதையொட்டி, தொட்டியின் மேல் எடுத்த படங்கள், காணொளிகள் என்று சில கைபேசிகளில் பரவின. பார்த்தவர்கள் ஒரே நொடியில் தீர்ப்பு எழுதினார்கள். நம்மில் சிலரும் அமைதியானார்கள், அதுதான் வலித்தது. தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று பார்க்கத்தான் ஏறினோம் என்கிறார்கள் ஊர்மக்கள். எந்த நேரத்தில் எடுத்த படம்? மலம் கலந்த பிறகா, முன்பா? முழுக் காட்சி எவ்வளவு நீளம்? வெட்டிப் பரப்பியது யார்? நிலவின் பள்ளத்துக்குக் கேட்கிற இந்தக் கேள்விகளை ஒரு சேரி இளைஞனின் படத்துக்கு யாரும் கேட்கவில்லை. யார் குற்றவாளி என்று நாங்கள் தீர்ப்பு சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இரட்டைக் குவளை இருந்த ஊரில், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கேட்காமல் அந்தப் படத்தைப் படிக்க முடியாது. சிபிஐ விசாரணை கேட்பவர்களோடு நாங்கள் நிற்பது அதனால்தான்.

அடுத்த வகுப்பில் அதே நிலவுப் படத்தை அச்செடுத்து மறுபடி நடுவில் வைக்கப்போகிறோம். இந்த முறை சூரியன் இருக்கும் பக்கத்தைப் பிள்ளைகளே பென்சிலால் குறிக்கட்டும்.