துபாய்க்குக் கிளம்பும் காஞ்சிக்காரர்களுக்கு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது காந்தி சாலையில் தீபாவளிக் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருக்கும். முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்த வேன்கள் தெருமுனையெல்லாம் நிற்கும். இதே நேரத்தில்தான் நம் அலுவலகத்துக்கு வேறொரு வகைக் கடிதங்களும் வரத் தொடங்கும். "அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளைத் துபாய்க்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், கொஞ்சம் எழுதக்கூடாதா?" என்று கேட்கும் கடிதங்கள். இம்முறை நிறையவே வந்துவிட்டன. அதனால் இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது மனம் குளிர்ந்துபோகிறது. துபாய் என்ற பெயருக்கு நம் தெருக்களில் முன்பெல்லாம் ஒரே பொருள்தான் இருந்தது. தறிக்கூலி கட்டுப்படியாகாமல் வீட்டு நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டியவர்கள், டிரைவராகவும் கம்பி கட்டுபவராகவும் ஓட்டல் சிப்பந்தியாகவும் போய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்தவர்கள், இவர்களுடைய ஊர் அது. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஊருக்கு ஊர் சுற்றிப்பார்க்கக் கிளம்புகிறார்கள். வெறும் உல்லாசத்துக்கு இவ்வளவு செலவா என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். பிள்ளைகளோடு ஒரு வாரம் வேலையை மறந்து இருப்பது வீண் செலவு ஆகாது.

முதலில் நடைமுறை விஷயங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் போவதற்கு நல்ல காலம். கோடையில் வெயில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது. சென்னையிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரப் பயணம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். குருமாவுக்கு என்று மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவைக் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துப் போவதென்றால் டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும், சில வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி வேண்டும். தங்கம் வாங்கி வரும் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று: நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான், ஒரு வாரம் சுற்றிப்பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இல்லை.

பார்க்க வேண்டியவற்றின் பட்டியலை உங்கள் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில் சூரியன் சாயும் நேரத்துக்கு முன்பதிவு செய்து ஏறுங்கள். பகல், இரவு இரண்டையும் மேலிருந்து பார்த்துவிடலாம். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோவில் முன் பெட்டியில் இடம் கிடைத்தால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும் குளோபல் வில்லேஜுக்கு ஒரு மாலை போதும்.

பாலைவன சவாரிக்குப் போனால், மணலில் இறங்குவதற்கு முன் டிரைவர் டயரிலிருந்து காற்றை இறக்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழுத்தம் குறைந்த டயர் அகலமாகப் பதிந்து மணலில் புதையாமல் போகிறது. அங்கே மணலுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் மரத்தையும் காட்டுங்கள். காஃப் என்று அவர்கள் அழைக்கும் அது அமீரகத்தின் தேசிய மரம். நமக்கு அது வேறொன்றுமில்லை, வன்னி. விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம், விஜயதசமியன்று நம் கோயில்களில் அம்பு போடும் விழாவுக்கு உரிய மரம். வேரை ஆழத்துக்கு அனுப்பி, மழையில்லாத மண்ணிலும் பச்சையாக நிற்கிறது. நான் முதலில் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

நிகழ்ச்சிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நம் திருவிழாக்கள் முன்னோர் வைத்துவிட்டுப் போனவை. துபாய்க்காரர்கள் தங்கள் திருவிழாக்களைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 1996-இல் ஷாப்பிங் திருவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். கடைகள் தள்ளுபடி தருவதை ஒரு நகரமே வாணவேடிக்கையோடு கொண்டாடுவதா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. ஆண்டுதோறும் கூட்டம் வந்தது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன உலகக் கண்காட்சியை 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை 192 நாடுகளைக் கூட்டி நடத்திக் காட்டினார்கள். இளையராஜா அங்கே மார்ச் மாதம் கச்சேரி செய்தார். பெண்களே வாசிக்கும் ஃபிர்தவ்ஸ் இசைக்குழுவை ஏ.ஆர்.ரஹ்மான் அந்தக் கண்காட்சிக்காகத்தான் உருவாக்கினார். 2021 அக்டோபர் 15, விஜயதசமி இரவு, சென்னை சூப்பர் கிங்ஸ் நாலாவது முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றதும் துபாய் மைதானத்தில்தான். ஆகவே போகும் தேதியை முடிவு செய்வதற்கு முன் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டு, நம் ஆட்டம் ஏதாவது ஒன்று இருக்கவே செய்யும்.

இனி, அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஊரின் நடுவே உப்பங்கழி ஒன்று கடலிலிருந்து உள்ளே வளைந்து வருகிறது. ஒரு கரை பர் துபாய், மறு கரை டெய்ரா. ஆப்ரா என்னும் மரப்படகில் ஒரு திர்ஹம் கொடுத்தால் அக்கரையில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஊரின் கதை முழுவதும் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

முன்பு இங்கே பிழைப்பு முத்துக்குளிப்பு. தூத்துக்குடிக் கடலில் நம்மவர்கள் மூச்சடக்கி இறங்கியதுபோலவே இவர்களும் இறங்கினார்கள். முத்துகள் பம்பாய் வியாபாரிகளிடம் போயின. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டன. 1966 வரை இந்த ஊர்க் கடைகளில் புழங்கியது நம் ரூபாய்தான். வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி 1959-இல் தனி நிறத்தில் நோட்டுகள்கூட அச்சடித்தது. எண்ணெய் கிடைத்ததும் அதே 1966-இல்தான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மணல் மேடிட்டுக் கிடந்த இந்தக் கழியைக் கடன் வாங்கி ஆழப்படுத்திவிட்டார் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித். பெரிய படகுகள் வரட்டும், வியாபாரிகள் வரட்டும் என்று. கையில் காசில்லாத நாளிலேயே, வருகிறவர்களை வரவேற்பதுதான் நமக்குப் பிழைப்பு என்று ஓர் ஊர் முடிவெடுத்திருக்கிறது. வானுயர்ந்த கட்டடங்களைவிட இது என்னைப் பெரிதாக வியக்க வைக்கிறது.

படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் பழைய துணிச் சந்தை. கொஞ்சம் நடந்தால் மீனா பஜார். அங்கே 'காஞ்சிபுரம்' என்று சொல்லி விற்கும் சேலைகள் கண்ணில் படும். கையில் எடுத்துப் பாருங்கள், கரையைப் புரட்டிப் பாருங்கள், ஒன்றும் தப்பில்லை. நம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். அது வெறும் காகிதமாக நிற்காமல் இருக்க, கேள்வி கேட்கும் கண்கள் வேண்டும்.

அங்கிருந்து அல் ஃபஹீதி என்னும் பழைய குடியிருப்புக்கு நடந்தே போகலாம். பாரசீகக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய வீடுகள். மேலே செல்லும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும் காற்றுக் கோபுரங்கள் கூரைதோறும் நிற்கின்றன. அந்த வீடுகளில் ஒன்றில் ஷேக் முகமது பண்பாட்டுப் புரிதல் மையம் இயங்குகிறது, 1998-இல் தொடங்கியது. முன்பதிவு செய்துவிட்டுப் போனால் கம்பளம் விரித்த தரையில் உட்காரவைத்து வீட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். ஏலக்காய் மணக்கும் காபியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகு, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறார்கள். உடையைப் பற்றி, தொழுகையைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி வெளிநாட்டார் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். உள்ளூர்க்காரர் கோபப்படாமல் பதில் சொல்கிறார். துபாயில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் உங்களை இதற்குத்தான் அனுப்புவேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது என் நினைவெல்லாம் நம் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் இருந்தது.

நம் ஊருக்கு விருந்தினர் வராமல் இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதி வைத்த ஊர் இது. ஆனால் இன்று வருகிறவர் என்ன பார்க்கிறார்? காலையில் சென்னையிலிருந்து கார். நடை சாத்துவதற்குள் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று ஓட்டம். கைலாசநாதர் கோயிலுக்குப் பாதிப் பேர் போவதே இல்லை. பிறகு வண்டிக்காரர் கமிஷனுக்காகக் கொண்டுபோய் விடும் கடையில் பத்துச் சேலைகளை விரித்துக் காட்டுகிறார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறார். ஒரு தறியைக்கூடப் பார்க்காமல்!

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வரவேண்டும் என்பதற்காக மூன்று நாடா ஓட்டி, இருவர் கை சேர்ந்து, இழைக்கு இழை பூட்டிப் போடும் கோர்வையை அவர் பார்க்கவில்லை. முந்திக்கு நிறம் மாறும் இடத்தில் பழைய பாவையும் புதிய பாவையும் நூல் நூலாகக் கோத்துப் பிணைக்கும் பேட்னி வேலை அவருக்குத் தெரியாது. சூரத்திலிருந்து வரும் ஜரிகைக்குள் பட்டு நூலும், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பியும், அதன்மேல் தங்க முலாமும் இருப்பதை யாரும் சொல்லவில்லை. இது தெரியாதவர் விலையைக் கேட்டதும் திகைக்கத்தான் செய்வார். தெரிந்தவர் பேரம் பேசக் கூசுவார். நம் பிள்ளைகள் குழித்தறியை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள் என்றால், கூலி ஒரு காரணம். செய்கிற வேலையை நேரில் பார்த்து மெச்ச ஒருவரும் வருவதில்லை என்பது இன்னொரு காரணம்.

நெசவாளியைக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்காரரின் விருப்பம் இல்லாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. வருகிறவர் கொடுக்கும் கட்டணம் இடைத்தரகர் கை படாமல் நேராக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வேலை நேரத்தை அவர்தான் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது மரியாதையான வருமானம்தான். துபாய் மையத்தில் பதில் சொன்ன இளைஞர் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கவில்லை, வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கும் பெருமிதத்தோடு இருந்தார்.

நம்மால் முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜர் கோயில் குளத்திலிருந்து வெளியே வந்து அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்த துயரமும் உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் முன்பின் தெரியாதவர்களுக்குத் திண்ணையில் இடமும், குடிக்க மோரும் தண்ணீரும் கொடுத்த வீடுகள் எத்தனை! யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. அடுத்து அத்திவரதர் வெளியே வருவது 2059-இல். அதுவரை காத்திருக்காமல், வைகாசி கருட சேவைக்கும் பங்குனித் திருக்கல்யாணத்துக்கும் வருகிறவர்களை இரண்டு நாள் தங்கவைத்து, தறியும் காட்டி அனுப்ப நம்மால் ஏன் முடியாது?

துபாய்க்குப் போகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் தெருக்காரரோ உறவினரோ யாராவது அங்கே வேலையில் இருப்பார். சோனாப்பூரிலோ அல் கூஸிலோ நாலைந்து பேர் சேர்ந்த அறையில் தங்கியிருப்பார். அவருக்கு விடுமுறை நாள் எது என்று கேட்டு, ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். அம்மா இடித்துக் கொடுத்த இட்லிப் பொடியும் கொஞ்சம் முறுக்கும் எடுத்துப் போங்கள். முடிந்தால் கராமா பகுதிக்கு அழைத்துப் போய்ச் சேர்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்த கட்டடங்களில் எதை எந்த மாதம் எழுப்பினார்கள், எந்த மாடியில் வெயில் எப்படி அடித்தது என்று அவர் சொல்வார். எந்த வழிகாட்டியும் சொல்லாத விவரம் அது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

நம் இதழ் ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறது. வெளியூரார் வந்து தறியைப் பார்க்கத் தங்கள் வீட்டைத் திறந்துவைக்க விருப்பமுள்ள நெசவாளர் குடும்பங்கள் கார்த்திகை முடிவதற்குள் எங்களுக்கு எழுதுங்கள். என்ன நேரம் வசதி, என்ன ரகம் நெய்கிறீர்கள், என்ன கட்டணம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் எழுதலாம், தனித்தறி வைத்திருப்பவர்களும் எழுதலாம். உங்கள் சம்மதத்தோடு அந்தப் பட்டியலைத் தை இதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவோம். துபாயிலிருந்து திரும்பும் வாசகர்கள், அங்கே உங்களை நன்றாக உபசரித்த இடம் எது, அதில் எதை நம் ஊரில் செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அவற்றையும் அதே இதழில் சேர்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்