புதுப் பம்ப் தேடுறதுக்கு முதல்

பழைய இராணுவ ஜீப் வைத்திருக்கிற ஆக்களோடு கதைத்தால் பத்து நிமிசத்துக்குள் கதை பெற்றோல் பம்பில் வந்து நிற்கும். எஞ்சின் நல்லம், கியர்பொக்ஸ் நல்லம், பொடிக்குத் தகரம் வெட்டி ஒட்டியாச்சு. ஆனால் பெற்றோல் ஏறுதில்லை. பிறகு எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "புதுசு எங்க எடுக்கலாம்?"

எங்களுக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. புதுசு எங்க எடுக்கலாம் என்று கேட்க முதல், பழசைக் கழட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் இன்னும் ஆர் இருக்கினம் என்று கேட்க வேணும். அந்த ஆக்கள் குறைந்துகொண்டு வருகினம். பம்ப் குறையவில்லை.

முதலில் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், இல்லையெண்டால் நாங்கள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறம் என்று விளங்காது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடின வில்லிஸ் ஜீப்பிலும், அதே அச்சில் போர்ட் கம்பனி செய்த ஜீப்பிலும் இருந்தது ஏசி பம்ப். (ஏசி என்றதும் குளிரூட்டியை நினைக்க வேண்டாம். அல்பேர்ட் சாம்பியன் என்ற மனிசனின் பெயரின் முதலெழுத்துகள்.) எஞ்சினுக்குள் சுழலுகிற காம் ஷாப்ட் ஒரு சின்னக் கையைத் தள்ளும். அந்தக் கை ஒரு டயபிரத்தைக் கீழே இழுக்கும். அப்போது டாங்கியில் இருந்து பெற்றோல் ஒரு வால்வு வழியாக உள்ளே வரும். பிறகு கீழே இருக்கிற ஸ்பிரிங் டயபிரத்தை மேலே தள்ள, பெற்றோல் மற்ற வால்வு வழியாகக் காபரேட்டருக்குப் போகும். காபரேட்டர் நிறைந்துவிட்டால் அதன் மிதவை ஊசி வழியை அடைத்துவிடும். டயபிரம் கீழேயே நிற்கும். கை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது கை இல்லை, ஸ்பிரிங்தான். மேலேயோ கீழேயோ ஒரு கண்ணாடிக் குவளை, ஊத்தையும் தண்ணீரும் படிவதற்கு. அதைக் கழட்ட ஒரு கம்பி வளையமும் கையால் திருகுகிற ஒரு நட்டும் போதும், ஸ்பானரே தேவையில்லை.

இவ்வளவுதான். இதில் உண்மையாகப் பழுதாகக்கூடியது டயபிரம், இரண்டு வால்வு, குவளைக்கு மேலே இருக்கிற கோர்க் வளையம். மற்றதெல்லாம் உலோகம். கையும் அதன் ஊசியும் தேயும், ஆனால் அதற்குப் பல வருசம் எடுக்கும். ஒரு ஸ்குறூ டிரைவர் இருந்தால் முழுதாய்ப் பிரிக்கலாம். பிரிக்க முதல் இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி வைக்காவிட்டால் திருப்பிப் பூட்டும்போது குழாய் வேறு பக்கம் பார்க்கும் என்பது மட்டும்தான் இதில் உள்ள வித்தை.

சரி, "இராணுவ வாகனத்துச் சாமான்" என்று ஒரு பெரிய மரியாதையோடு தேடுகிறார்களே, அதிலே இராணுவம் எங்கே இருக்கிறது? அதே ஏசி குடும்பத்துப் பம்ப்தான் யாழ்ப்பாணத்து ஹயர் கார் எல்லாருக்கும் பழக்கமான ஓஸ்ரின் ஏ40 இலும் இருந்தது. லாண்ட் ரோவர் இரண்டாம் சீரிஸில் இருப்பதும் அதே இனம், கூடவே கையால் அடித்துப் பெற்றோல் ஏற்ற ஒரு சின்ன நெம்பு. முதல் சீரிஸ் லாண்ட் ரோவர் வேறு மாதிரி. அதில் எஸ்.யு. கம்பனியின் மின்சாரப் பம்ப். பொயின்ற் கருகினால் நின்றுவிடும், ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் டிக் டிக் என்று திரும்ப வேலை செய்யும். மொறிஸ் மைனர் வைத்திருந்த வீட்டுக்காரரைக் கேளுங்கோ, அந்தத் தட்டு அவைக்கு மனப்பாடம். அப்ப, ஏ40 உம் மைனரும் திருத்தின ஒரு மெக்கானிக்கின் கையில் இரண்டு லாண்ட் ரோவருக்கும் ஒரு வில்லிஸுக்கும் வேண்டிய அறிவு ஏற்கெனவே இருக்குது. அவர் அதை இராணுவ வாகன அறிவு என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்.

வடக்கில் இந்த அறிவுக்கு இன்னொரு அடுக்கும் இருக்குது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் வராத காலத்தில், காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பற்றறியும் தடைப்பட்டியலில். புது உதிரிப்பாகம் என்ற கதைக்கே இடமில்லை. இருந்ததைப் பிரித்து, வெட்டி, ஒட்டித்தான் ஓடினது. இதைப் பற்றிப் பெருமையாகப் பாட்டுப் பாடுகிறவர்கள் நிறையப் பேர், நாங்கள் அந்தக் கூட்டத்தில் சேர விரும்பவில்லை. சனத்தை நெருக்கினதால் பிறந்த கெட்டித்தனம் அது. நெருக்கடி இல்லாமலே அந்த ஆக்கள் அதைவிடப் பெரிய வேலையெல்லாம் செய்திருப்பினம். ஆனால் பிறந்த அறிவு பிறந்ததுதான். அதை எழுதி வைக்காமல் விட்டால் நட்டம் எங்களுக்கு.

இனிச் சந்தைக்கு வருவம். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் யானையைக்கூடப் பாகம் பாகமாய் எடுக்கலாம் என்று பகிடி விடுவோம். ஜீப் பம்பும் கிடைக்கும். இந்தியாவில் மகீந்திரா கம்பனி வில்லிஸின் உரிமத்தோடு பல பத்தாண்டுகள் ஜீப் செய்தது, அதனால் அந்தப் பக்கத்துச் சாமான் இங்கே வருவது லேசு. 1941 இல் இருந்து 1971 வரை வந்த நாலு சிலிண்டர் 134 எஞ்சின் ஜீப்புகளுக்கு ஒரே பம்ப் பொருந்தும் என்றுதான் வெளிநாட்டு விற்பனைக்காரரும் போடுவினம். ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வாகனம், சாமானுக்குப் பஞ்சம் இல்லை. அமெரிக்காவில் ஒரு விவசாயியும் ஐரோப்பாவில் ஒரு சேகரிப்பாளரும் மலைநாட்டில் ஒரு சவாரி ஜீப்காரரும் ஒரே பெட்டியைத்தான் வாங்குகினம்.

பிரச்சினை பெட்டிக்குள் இருக்குது. இப்ப வாற மலிவான பம்புகளில் பல விளிம்பை மடித்து அமத்தி மூடினவை, ஸ்குறூ இல்லை. பழுதானால் எறியத்தான் வேணும். 80 வருசத்துக்கு முந்தின பம்பைப் பிரிக்கலாம், போன வருசம் செய்ததைப் பிரிக்க ஏலாது. இதை முன்னேற்றம் என்று எங்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"அப்ப பழைய சரக்கே வாங்குவம், பெட்டி பிரிக்காதது" என்று சிலர் போவினம். அதுவும் பொறி. பெட்டியில் 40 வருசம் இருந்த டயபிரமும் 40 வருசம் வயசானதுதான். துணியில் ஏற்றின இறப்பர் காய்ந்து வெடிக்கும், பெட்டியில் அச்சடித்த பழைய எழுத்து எவ்வளவு வடிவாய் இருந்தாலும். அதோடு எதனோல் கதை. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரில் இருந்து சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல். இந்தியா 20 வீதத்துக்குப் போய்விட்டது. பழைய இறப்பரை எதனோல் ஊதப்பண்ணும், இளகப்பண்ணும். ஆகவே டயபிரம் கிட் வாங்குகிற ஆள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "இது எதனோலுக்குத் தாங்குமா?" என்பதுதான். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வேறு கடை.

இன்னுமொன்று, பம்பின் இனத்தை வாகனத்தின் பெயரை வைத்துத் தேடாதீங்கோ. எஞ்சினில் பூட்டுகிற விளிம்பில் ஒரு இலக்கம் குத்தியிருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு அதை வாசியுங்கோ. பல தடவை பம்ப் மாறியிருக்கும், வாகனத்தின் புத்தகம் சொல்வது ஒன்று, பூட்டியிருப்பது இன்னொன்று. சில ஜீப்புகளில் ஒரே பம்புக்குள் இரண்டு டயபிரம்: ஒன்று பெற்றோலுக்கு, மற்றது வைப்பருக்கு வெற்றிடம் இழுக்க. அதைக் கழட்டிவிட்டுத் தனிப் பம்ப் பூட்டினால் எஞ்சின் ஓடும், மழை வந்த அன்றைக்கு வைப்பர் ஓடாது.

பிறகு இருக்குது மின்சாரப் பம்ப் கட்சி. "ஏன் இந்தக் கரைச்சல், ஒரு எலெக்ட்ரிக் பம்ப் பூட்டிவிட்டால் முடிஞ்சுது." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் யுத்தகால வில்லிஸ் 6 வோல்ட், 1950 இல் வந்த எம்38 ஜீப் 24 வோல்ட், கடையில் இருக்கிற பம்ப் 12 வோல்ட். பழைய லாண்ட் ரோவர் 12 வோல்ட் என்றாலும் பொசிட்டிவ் ஏர்த். கண்ணை மூடிக்கொண்டு வயரைக் கொடுத்தால் பம்ப் அன்றைக்கே செத்துப்போகும். அழுத்தமும் அப்படி. இந்தக் காபரேட்டர்களுக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு ஒரு சில இறாத்தல். இப்போதைய இன்ஜெக்சன் கார்களின் பம்ப் 40 இறாத்தலுக்கு மேல் தள்ளும். மிதவை ஊசி அதைத் தாங்காது. பெற்றோல் காபரேட்டரை நிரப்பி வெளியே வழியும், பக்கத்திலேயே கொதிக்கிற எக்ஸோஸ்ட். இயந்திரப் பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்புக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு தனிச் சுவிட்ச் வேணும், அதைப் பூட்டாமலே ஓடுகிறவர்கள் இருக்கினம். இந்த விசயத்தில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. பொனற்றுக்கு மேலே போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு வீடு சேருகிற பழைய தந்திரத்தையும் இதோடு சேருங்கோ. அவசரத்துக்கு எல்லாரும் செய்ததுதான், ஆனால் உடைந்தால் எரியும்.

பாதி நேரம் பம்பில் பழுதே இருக்காது என்பதுதான் வயசான மெக்கானிக்மார் எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லுறது. டாங்கியில் இருந்து வருகிற இறப்பர்க் குழாயில் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பம்ப் காற்றைத்தான் இழுக்கும். டாங்கி மூடியின் சுவாசத் துளை அடைத்தாலும் இதே கதை. ஏற்றத்தில் வெயிலுக்குள் நின்றால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகும். அப்போது பம்புக்கு மேலே ஈரத்துணி போட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்தால் சரி. உண்மையாகவே டயபிரம் கிழிந்திருந்தால் அது தானே சொல்லும். பம்பின் அடியில் உள்ள துளையால் பெற்றோல் கசியும், அல்லது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் கூடியிருக்கும், பெற்றோல் மணக்கும். அப்படி மணத்தால் ஒரு கிலோமீற்றர்கூட ஓடக்கூடாது. ஒயில் இளகினால் பெயாரிங் போகும், பிறகு எஞ்சினே போகும்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒரு விசயத்தை ஒளித்தால் சரியில்லை. எங்களில் பலருக்கு இந்த வாகனங்களைப் பார்த்தால் ஆசை வருவதில்லை. 1944 இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்த காலத்து ஜீப் ஒரு சேகரிப்பாளருக்கு வரலாறு. ஆனால் பச்சை ஜீப் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தத்துக்குக் கதவைச் சாத்தின வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் புள்ளிப்புள்ளியாய்ப் பெயின்ற் அடித்து, துவக்குத் தாங்கி பூட்டி, சீருடை மாதிரி ஒன்றும் போட்டுக்கொண்டு செல்பி எடுப்பதை ரசிக்க எங்களால் ஏலாது. யுத்தம் பார்க்காத ஊரில் அது விளையாட்டாக இருக்கலாம். எஞ்சினைக் காப்பாற்றுங்கோ, பம்பைக் காப்பாற்றுங்கோ, பெயின்றைக் கொஞ்சம் யோசியுங்கோ. மலையகத்து எஸ்டேட் பாதைகளில் கொழுந்து மூட்டையும் நோயாளியும் ஏற்றின ஜீப்பும் அதே ஜீப்தான். அந்த வரலாற்றை ஆரும் ஊர்வலத்தில் கொண்டுவாறதில்லை.

இது பணக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் இந்த நாடு பழசைத் திருத்தித்தான் ஓடினது. 2022 இல் கியூ ஆர் கோட்டோடு வரிசையில் நின்றபோது ஒவ்வொரு லீற்றரும் கணக்கு, ஒழுகுகிற ஒரு கோர்க் வளையமும் கணக்கு. அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றின கராஜ்காரருக்கு நாங்கள் என்ன கூலி கொடுக்கிறம்? வெளிநாட்டில் இருந்து வருகிற பெட்டிக்குக் கூரியர் காசு கேட்டபடி கட்டுவம். மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து பழைய பம்பை உயிர்ப்பிக்கிற ஐயாவிடம் மட்டும் "கொஞ்சம் குறையுங்கோ" என்று பேரம் பேசுவம். பெடியள் ஏன் இந்த வேலைக்கு வாறதில்லை என்று பிறகு கவலைப்படுவம்.

அமெரிக்க இராணுவம் 1944 இல் ஜீப்புக்கு ஒரு கைநூல் போட்டது, ரி.எம். 9-803. வாகனத்தையே முன்பின் பார்த்திராத பெடியனும் வாசித்துச் செய்யக்கூடிய மாதிரிப் படத்தோடு. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் திருத்துகினம். தமிழில் அப்படி ஒரு பம்புக்கான நாலு பக்கமாவது வேணும். எழுத வேண்டிய ஆக்கள் இருக்கினம், அவைக்கு எழுதப் பஞ்சி, எங்களிடம் போன் இருக்குது. உங்கட ஊரில் கராஜ் வைத்திருக்கிற வயசான ஆளிடம் போங்கோ. பழுதான பம்ப் ஒன்றோடு போனால் இன்னும் நல்லம். கழட்டும்போது கையை வீடியோ எடுங்கோ, முகம் வேண்டாமென்றால் விடுங்கோ. எந்தத் துண்டுக்கு அவர் என்ன பெயர் சொல்லுறார் என்பதை அப்படியே எழுதுங்கோ, அகராதியைப் பார்த்துத் திருத்த வேண்டாம். டயபிரத்துக்குப் பதிலாக எதை வெட்டிப் போட்டவர், அது எத்தனை நாள் ஓடினது, எது சரிவரவில்லை என்று கேளுங்கோ. போகும்போது கூலியைக் கையில் கொண்டுபோங்கோ.