பெரிய வண்டிக்கே பெரிய பொறுப்பு!
குத்துக்கல்வலசை ரோட்டில் சைக்கிள்காரர் படும் பாடு

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசைப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு சைக்கிளில் போகிறவருக்கு இரண்டு பயம். பின்னால் வரும் லாரி ஒன்று. எதிரே கண்ணைக் கூச வைக்கும் ஹெட்லைட் இன்னொன்று.

செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் இந்த வட்டாரத்தில் ஓடியபடியே இருக்கின்றன. குற்றால சீசன் வந்தால் வெளியூர்க் கார், வேன் வேறு. இதற்கு நடுவேதான் வேலை முடிந்து திரும்புகிறவரும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள்.

வால்டியூப் காலம்

ஒரு காலத்தில் சைக்கிளில் லைட் இல்லை என்றால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கி விடுவார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லைகூட இருந்தது. சட்டம் எல்லாம் சின்ன வண்டி மேலேயே பாய்ந்தது!

இன்று அவரைக் கேட்க ஆள் இல்லை. அதனால் டைனமோவும் போச்சு, பின்பக்கச் சிவப்பு ரிப்ளெக்டரும் போச்சு. ரிப்ளெக்டர் தரமாக இருக்க வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு உத்தரவே போட்டிருக்கிறது. கை காட்டாமல் சடாரென்று திரும்புவது, மூன்று பேர் வரிசை கட்டிப் பேசிக்கொண்டு போவது, இதெல்லாம் சைக்கிள்காரர் பக்கத்துத் தப்புதான்.

ஆனால் இரண்டு தப்பும் ஒன்றல்ல. சைக்கிள்காரர் தவறினால் விழுவது அவர்தான். லாரிக்காரர் தவறினாலும் விழுவது அவர்தான்! இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சாலை விதியைத் திருத்தி, அதிக ஆபத்து விளைவிக்கக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள். ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் சைக்கிளை முந்த வேண்டும்.

தார் ஓரம்

“ஓரமாப் போனா என்ன?” என்று டிரைவர்கள் சத்தம் போடுவது வழக்கம். அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். தார் முடிகிற இடத்தில் மண் கீழே இறங்கிக் கிடக்கும். சக்கரம் அதில் இறங்கினால் மறுபடி ஏறாது, ஆளைச் சாய்த்துவிடும். சாய்வது பெரும்பாலும் ரோட்டுப் பக்கம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஏர்ஹாரன் அடித்தால் கை ஆடாமல் என்ன செய்யும்? கொஞ்சம் தூரத்திலேயே லேசாக ஒலி கொடுத்து, எதிரே வண்டி வந்தால் பத்து விநாடி பொறுத்து முந்தினால் போதும். லைட்டை டிம் பண்ணக் காசா, பணமா?

மோதிவிட்டால், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்க வழி செய்வது டிரைவரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் நிவாரணம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இது உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். மனுவை விசாரிப்பது வருவாய்த்துறை அதிகாரி. போலீசில் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.