வழக்காடுவான் அறியாத தீர்ப்பு

பிரெஞ்சுமொழி மக்களுக்கு விளங்கவில்லையென்று, ஆங்கிலத்தில் வழக்குரைக்க 1362-இல் சட்டமியற்றியது இங்கிலாந்து. 1733 முதல் முறைமன்ற நடவடிக்கை முழுதும் அங்கு ஆங்கிலமாயிற்று. ஆங்கிலேயன் தன் மண்ணில் களைந்தெறிந்த அவ்விழிவையன்றோ தமிழன் இன்னும் சுமக்கின்றான்!

அரசியல் சட்டத்தின் 348-ஆம் உறுப்பு உயர் முறைமன்றங்களில் ஆங்கிலத்தை இருத்தியது. எனினும், குடியரசுத்தலைவர் இசைந்தால் மாநிலமொழிக்கும் இடமுண்டென்றது. அவ்வழியே இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்தி புகுந்தது. 2006-இல் தமிழகச் சட்டமன்றம் அதே இசைவைக் கேட்டது. 2012-இல் உச்ச முறைமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு அடைபடுவதேன்?

இன்று தமிழில் பெயர்த்த தீர்ப்புகள் வருகின்றனவே என்பர். ஐயமெழுந்தால் செல்லுபடியாவது ஆங்கில மூலமேயன்றோ? தன் நிலம் தனதா பிறனதா என்றறியவும் உழவன் பிறன் வாயை நோக்கி நிற்பதோ முறை?

தமிழினமே! இரவாதே; உரிமையெனக் கேள்!